கோடை மொழி முகாமும் சிற்றுலாவும்

(கோடை முகாம்களை நடத்தவிருக்கும் ஆசிரியர்கள், கல்வியியல் மாணவர்கள், கல்வித்துறை அலுவலர்கள் ஆகியோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் வடிவம்)

கோடை முகாம் ஒன்றுக்குத் தயாரிக்கப்படும் செலவு மதிப்பீட்டில் பேருந்து வாடகை பெரும்பாலும் கடைசி வரியாக இடம்பெறுகிறது. நிதி போதாதபோது முதலில் அடிக்கப்படுவதும் அந்த வரியே. பாடநூல், கரும்பலகை, பயிற்சியாளர் மதிப்பூதியம், சான்றிதழ் ஆகியவை இன்றியமையாதவை என்றும், சந்தைக்கும் பூங்காவுக்கும் குழந்தைகளை அழைத்துச் செல்வது பொழுதுபோக்கு என்றும் கருதப்படுவதே இதற்குக் காரணம். ஏனைய முகாம்களுக்கு இக்கருத்து எவ்வளவு பொருந்துமோ, மொழி முகாமுக்கு அது சிறிதும் பொருந்தாது. ஒரு புதிய மொழியில் ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கக் கற்றுச் சான்றிதழுடன் வீடு திரும்பும் சிறுவன், அம்மொழியில் ஒரு குவளை நீர் கேட்க இயலாதவனாக இருப்பின், அம்முகாமின் பயன் யாது என்ற கேள்வி எழுகிறது.

மொழி முகாமில் சிற்றுலாவும் சிறப்பு நிகழ்ச்சிகளுமே பாடத்தின் நடுப்பகுதி. வகுப்பறை நேரம் அவற்றுக்கான ஆயத்தம். இந்த அடிப்படையில் முகாமைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முகாமின் பின்னணி

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரமும் அதற்கு மேலும் மக்கள் பேசும் மொழிகளாக 121 மொழிகளை வகைப்படுத்தியது. அவற்றுள் 22 மொழிகள் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை. தொடக்கத்தில் 14 மொழிகளைக் கொண்டிருந்த அவ்வட்டவணையில் 1967இல் சிந்தியும், 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகியவையும், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. இத்துணை மொழிகள் வழங்கும் நாட்டில், தாய்மொழியுடன் வேறொரு மொழியும் அறிந்தவர்கள் ஏறத்தாழ 26 விழுக்காட்டினரே என அதே கணக்கெடுப்பு தெரிவித்தது.

ஒரு மாநிலத்தின் மொழியைப் பிற மாநிலத்துக் குழந்தைகள் கற்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. கோத்தாரி கல்விக் குழுவின் (1964–66) பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்த 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இந்தி பேசும் மாநிலங்களில் ஒரு நவீன இந்திய மொழியை, இயன்றவரை தென்னக மொழிகளுள் ஒன்றைக் கற்பிக்க வேண்டும் என்றது. நடைமுறையில் இது பரவலாக நிறைவேறவில்லை. தமிழ்நாடு அதே 1968ஆம் ஆண்டில் இருமொழிக் கொள்கையை ஏற்றது, அக்கொள்கை தொடர்கிறது. மொழிக் கல்வி குறித்து மாநிலங்களிடையே கருத்து வேறுபாடு உள்ள நிலையில், தேர்வும் மதிப்பெண்ணும் கட்டாயமும் இல்லாத கோடை முகாம் ஒரு தனி இடத்தைப் பெறுகிறது. விரும்பி வருவோருக்கே அது உரியது. கட்டாயம் நுழைந்தால் முகாம் மற்றொரு வகுப்பாகிவிடும்.

2018ஆம் ஆண்டில் பள்ளிகளில் நடத்தப்பட்ட ‘பாஷா சங்கம்’ நிகழ்ச்சி, 22 மொழிகளிலும் சில எளிய வாக்கியங்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் இந்திய மொழிகளைப் பற்றிய மகிழ்வூட்டும் செயல்திட்டம் ஒன்று இடம்பெற வேண்டும் என்றது. 2025ஆம் ஆண்டின் கோடையில் ஒன்றிய கல்வி அமைச்சகம், வேறோர் இந்திய மொழியைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் முகாம்களைப் பள்ளிகளில் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 4 மணி நேரம், ஒரு வாரத்தில் 28 மணி நேரம் என்பது அவற்றின் அளவாக வகுக்கப்பட்டது.

இருபத்தெட்டு மணி நேரத்தில் ஆகக்கூடியது

28 மணி நேரத்தில் எந்த மொழியிலும் எவரும் புலமை பெறுவதில்லை. எழுத்துகளை முழுமையாகக் கற்பிக்க முற்பட்டால் அதற்கே அந்நேரம் போதாது. ஆயினும் மூன்று பயன்களை அக்குறுகிய காலத்தில் அடைய முடியும். முதலாவது, அறியாத மொழியைக் கேட்டவுடன் எழும் அச்சம் நீங்குதல். இரண்டாவது, அம்மொழியின் ஒலிக்குச் செவி பழகுதல். மூன்றாவது, ஒரு சில தேவைகளையேனும் அம்மொழியில் கேட்டு நிறைவேற்றிக்கொள்ளுதல். இம்மூன்றும் நான்கு சுவர்களுக்குள் முழுமையாகக் கைகூடுபவை அல்ல.

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு நூலைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்கிறார். அது நூல் என்பது கேட்பவருக்கும் தெரியும்; விடையளிக்கும் குழந்தைக்கும் தெரியும். விடையால் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. பூக்கடையின்முன் நிற்கும் குழந்தை “விலை என்ன?” என்று கேட்கும்போது நிலைமை வேறு. விடை அதற்குத் தெரியாது. தெரிந்தால்தான் கையிலுள்ள பணம் போதுமா என்பது விளங்கும். கடைக்காரர் கூறும் எண்ணைக் கூர்ந்து கேட்டே தீர வேண்டும். இவ்வாறு தேவையுடன் கேட்கப்பட்ட சொல்லே நெடுநாள் நினைவில் நிற்கிறது.

இந்தியக் கல்விச் சிந்தனையாளர்கள் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தனர். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கிய ரவீந்திரநாத் தாகூர், மரநிழலில் வகுப்புகளை நடத்தினார். 1920இல் பாவநகரில் பாலர் பள்ளியை நிறுவிய கிஜுபாய் பதேகா, கதை, விளையாட்டு, நாடகம், ஊரைச் சுற்றிவருதல் ஆகியவற்றைப் பாடத்தின் உறுப்புகளாகக் கொண்டார். 1960களில் அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஆஷர், ஏவலைக் கேட்டு உடலால் செயற்படுவதன் வாயிலாக மொழியைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். குழந்தை முதலில் கேட்டுச் செயற்படட்டும், பேச்சு பின்னர் தானே வரும் என்பது அம்முறையின் சாரம்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். 1969ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் மைசூருவில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் வட்டார மொழி மையங்களின் வாயிலாகப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பிற மொழிகளைப் பத்து மாதப் பயிற்சிகளில் கற்பித்து வந்துள்ளது. மொழி வழங்கும் பகுதிக்கே அவர்களை அழைத்துச் சென்று மக்களுடன் பேசச் செய்வதும் அப்பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்துள்ளது. பத்து மாதம் பயிலும் ஆசிரியருக்கே இது தேவைப்படுமாயின், ஏழு நாள் பயிலும் குழந்தைக்கு எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

சந்தையில் ஒரு காலை

மைசூருவில் நடத்தப்படும் கன்னட முகாம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மத்திய அரசு நிறுவனங்களும் இரயில்வே கோட்ட அலுவலகமும் உள்ள நகரமாதலால், மாறுதல் பெற்றுவரும் ஊழியர்களின் குழந்தைகள் பல மொழியினராக அங்கு உள்ளனர். நகரின் நடுவே தேவராஜா சந்தை அமைந்துள்ளது. மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம் ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். குழந்தைகள் அவற்றின் பெயர்களைக் கற்பதற்கு அவை விற்கப்படும் சந்தையைவிடச் சிறந்த இடம் இல்லை.

சந்தைக்குச் செல்லும் முதல் நாள் வகுப்பில் கற்பிக்க வேண்டியவை மிகச் சில. ‘ஒந்து, எரடு, மூரு’ எனத் தொடங்கும் எண்கள். ‘எஷ்டு’ (எவ்வளவு), ‘பேக்கு’ (வேண்டும்), ‘பேட’ (வேண்டாம்), ‘கொடி’ (கொடுங்கள்) என்ற சொற்கள். இவற்றைவிட முதன்மையானது ஒரு வாக்கியம்: ‘இன்னொம்மெ ஹேளி’, அதாவது ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’. புதிய மொழியில் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் தாம் பேச வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு செல்கின்றனர். எதிரே இருப்பவர் விரைந்து விடை கூறியதும் திகைத்து வாய்மூடிவிடுகின்றனர். மீண்டும் சொல்லும்படி கேட்கத் தெரிந்த குழந்தைக்கு உரையாடல் அறுபடுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எந்த மொழி முகாமும் முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டும்.

மூவர் கொண்ட குழுக்களாகக் குழந்தைகளைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சிறு தொகையும் ஒரு சீட்டும் கொடுக்கப்பட வேண்டும். ஒரு சீட்டில் மல்லிகை, மற்றொன்றில் வெற்றிலை, வேறொன்றில் வாழைப்பழம். ஒவ்வொரு குழுவும் இரண்டு கடைகளிலேனும் விலை கேட்ட பின்னரே வாங்க வேண்டும் என்பது விதி. பூக்காரர் ‘எஷ்டு மாரு?’ என்று கேட்கக்கூடும். இரு கைகளையும் விரித்த நீளமே ‘மாரு’. முழம் என்று எண்ணியிருந்த குழந்தை, அவர் கைகளை விரித்துக் காட்டுவதைக் கண்டு அச்சொல்லைக் கற்றுக்கொள்கிறது. ‘யாவ ஊரு?’ என்று அவர் வினவினால், வகுப்பில் பழகாத அவ்வினாவுக்கும் குழந்தை தன் ஊர்ப்பெயரை விடையாகக் கூறிவிடும். ‘ஊர்’ என்ற சொல் தமிழ்க் குழந்தைக்கு வழிகாட்டும். மற்றவர்களுக்குப் பூக்காரரின் முகக்குறிப்பு வழிகாட்டும்.

இங்கு ஒரு முன்னேற்பாடு கட்டாயம் தேவை. பல நகரங்களின் சந்தைகளைப் போலவே மைசூருவின் கடைக்காரர்களும் பல மொழிகளில் வணிகம் செய்பவர்கள். தடுமாறும் குழந்தையைக் கண்டதும், உதவும் நல்லெண்ணத்துடன் இந்தியிலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்கிவிடுவர். ஆகவே, முகாம் பொறுப்பாளர் முந்தைய நாளே சந்தைக்குச் சென்று நான்கைந்து கடைக்காரர்களிடம் நோக்கத்தை விளக்கி, குழந்தைகளிடம் கன்னடத்தில் மட்டும், சற்று மெதுவாகப் பேசும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டம் குறைந்த நேரம் எது என்பதையும் அவர்களிடமே அறியலாம். இடத்தின் நிலையையும் அப்போதே கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் தேவராஜா சந்தைக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பழைய கட்டடங்களில் குழந்தைகள் எப்பகுதியில் நிற்கலாம், எப்பகுதியைத் தவிர்க்க வேண்டும் என்பதை நேரில் கண்டறியாமல் அழைத்துச் செல்லலாகாது.

புலியும் ஹுலியும்

மற்றொரு நாள் சிற்றுலாவுக்கு மைசூரு விலங்குக் காட்சிச்சாலை ஏற்ற இடம். 1892இல் தொடங்கப்பட்ட இக்காட்சிச்சாலை நாட்டின் பழமையான காட்சிச்சாலைகளுள் ஒன்று. ஒவ்வொரு கூண்டின்முன்னும் நின்று விலங்கின் பெயரைக் கன்னடத்தில் கேட்டு, படம் வரைந்து, பெயரைத் தத்தம் தாய்மொழி எழுத்தில் குறித்துக்கொள்வது குழந்தைகளுக்குத் தரப்படும் பணி. யானை ‘ஆனெ’, கரடி ‘கரடி’, மயில் ‘நவிலு’, முதலை ‘மொசளெ’, புலி ‘ஹுலி’, பாம்பு ‘ஹாவு’.

தமிழ்க் குழந்தை இப்பட்டியலைச் சந்தையிலும் உணவறையிலும் கேட்ட சொற்களுடன் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பூ ‘ஹூவு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’. பழங்கன்னடத்தில் ‘ப’ என்று தொடங்கிய சொற்கள் பல, ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டிலிருந்து மெல்ல மெல்ல ‘ஹ’ என்று மாறின. மொழிநூலார் கூறும் இந்த ஒலிமாற்றத்தை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுதல் தவறு. பட்டியல் நீளட்டும், எவரேனும் ஒரு குழந்தை அதைக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பின், ‘பள்ளி’ என்ற ஊர்ப்பெயர் ஈறு கன்னடத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டால், ‘ஹள்ளி’ என்ற விடையைப் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளிலிருந்தே குழந்தைகள் எடுத்துத் தருவர். அண்டை மொழி அயல்மொழி அன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் உணர்த்த இயலாது.

இந்தியோ வங்காளமோ பேசும் குழந்தைக்கு இந்த இணைகள் புலப்படமாட்டா. அதற்கு வேறு இணைகள் உள்ளன. ‘சிம்ஹ’ என்ற சொல்லை அது உடனே அறிந்துகொள்ளும். ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தெரிந்த சொல்லுடன் ஒப்பிட்டு எழுதும் வகையில் பட்டியலில் ஒரு கட்டம் ஒதுக்கினால் எவரும் பின்தங்கமாட்டார்கள்.

இக்காட்சிச்சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சிறிய செய்தியாகத் தோன்றினும், இதை அறியாமல் பேருந்து அமர்த்தினால் ஒரு நாள் வீணாகும். சிற்றுலாவின் வெற்றி பெரும்பாலும் இத்தகைய சிறு செய்திகளைச் சார்ந்துள்ளது.

முகாமுக்குள் நடைபெறும் சிறப்பு நிகழ்ச்சிகள்

ஒவ்வொரு நாளும் வெளியே செல்ல இயலாது. முகாம் வளாகத்துக்குள்ளேயே மொழியைச் செயலுடன் இணைக்கும் நிகழ்ச்சிகள் பல உண்டு. அவற்றுள் சமையல் முதலிடம் பெறுகிறது. அடுப்பும் கத்தியும் இன்றிச் சிறுவர் செய்யத்தக்க ‘கோசம்பரி’ நல்ல எடுத்துக்காட்டு. ஊறவைத்த பாசிப்பருப்பு, பெரியவர்கள் நறுக்கித் தந்த வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்ப்பதே செய்முறை. ‘ஹாகி’ (போடுங்கள்), ‘கலசி’ (கலக்குங்கள்) என்று ஆசிரியர் கூறக் கூறக் குழந்தைகள் செய்கின்றனர். மறுநாள் ஒரு குழந்தை ஏவலிட மற்றவர்கள் செய்யலாம். பண்டத்தைச் சுவைத்ததும், தமிழ்நாட்டின் கோசுமல்லியே இது என்று எவரேனும் கூறுவது உறுதி.

விளையாட்டும் அத்தகையதே. தமிழகச் சிறுமியர் ஆடும் பாண்டிக்குக் கருநாடகத்தில் ‘குண்டெபில்லெ’ என்று பெயர். அடுக்கிய கற்களைப் பந்தால் வீழ்த்தும் ‘லகோரி’யும் அங்கு பெருவழக்கானது. விதிகள் குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியுமாதலால் மொழியில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது. ‘என் முறை’, ‘ஓடு’, ‘பிடி’, ‘தோற்றாய்’ என்பன போன்ற சொற்களை ஆட்டத்தின் வேகத்தில் கற்பதுபோல வேறெங்கும் கற்க இயலாது. தோல் பொம்மலாட்டக் கலைஞர் ஒருவரை அழைத்து ஒரு கதையை ஆடிக்காட்டச் செய்து, பின்னர் அட்டையில் பொம்மை வெட்டிக் குழந்தைகளையே உரையாடச் செய்வதும் பயனுள்ள நிகழ்ச்சி. பொம்மைக்குப் பின்னால் மறைந்திருக்கும்போது கூச்சமுள்ள குழந்தையும் பேசுகிறது.

வானொலி நிலையத்தைக் காணச் செல்வதற்கு மைசூருவில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1935ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே அமைத்த ஒலிபரப்பு நிலையத்துக்கு ‘ஆகாசவாணி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் அப்பெயர் நாட்டின் வானொலிக்கே உரியதாயிற்று. இவ்வரலாற்றைக் கேட்ட பின், முகாமின் இறுதி நாளில் குழந்தைகளே தம் சிற்றுலாவைப் பற்றி இரண்டு நிமிடச் செய்தி அறிக்கை ஒன்றைக் கன்னடத்தில் வாசிக்கலாம்.

மொழி தொலைவில் உள்ளபோது

மைசூருவில் கன்னடம் கற்பிப்பது எளிது. தெருவில் இறங்கினால் மொழி காத்திருக்கிறது. மைசூருவில் அசாமியமோ, இலக்னோவில் தமிழோ கற்பிக்கும் முகாம் என்ன செய்யும்? இந்நிலையில் சிற்றுலா இயலாது என்று பொறுப்பாளர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். அதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு.

முதலாவது, முகாமையே அம்மொழியின் ஊராக மாற்றுதல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கன்கார்டியா கல்லூரி 1961ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழி முகாமாகத் தொடங்கிய முயற்சி, பின்னர் பல மொழிகளின் ‘கிராமங்களாக’ வளர்ந்தது. அங்கு வரும் குழந்தை கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே நுழைகிறது. அம்மொழிக்குரிய புதுப்பெயர் ஒன்றைப் பெறுகிறது. பணத்தை மாற்றிக்கொண்டு முகாமின் கடையில் அம்மொழியிலேயே பொருள் வாங்குகிறது. பள்ளி வளாகத்தில் ஒரு அஞ்சலகம், ஒரு தேநீர்க் கடை, ஒரு பயணச்சீட்டுச் சாளரம் ஆகியவற்றை மேசை நாற்காலிகளைக் கொண்டே அமைக்க முடியும். இதற்குச் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது மாற்று இன்னும் ஆழமானது. தொலைவிலுள்ள மொழியைப் பேசுவோர் பெரும்பாலும் அதே நகரில்தான் வாழ்கின்றனர். கட்டுமானப் பணியிலும், ஆலைகளிலும், உணவகங்களிலும் பிற மாநிலத் தொழிலாளர் பணியாற்றாத பெருநகர் இன்று இந்தியாவில் இல்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், பீகார் முதலிய மாநிலத் தொழிலாளரின் குழந்தைகள் பள்ளிகளில் சேர்ந்தபோது, மலையாளம் தெரியாமையால் அவர்கள் இடையில் நின்றுவிடும் நிலை இருந்தது. 2017ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘ரோஷ்னி’ திட்டம், குழந்தைகளின் மொழி அறிந்த தொண்டர்களைக் கொண்டு அவர்களின் மொழி வழியாகவே மலையாளத்தைக் கற்பித்தது. மாநில எழுத்தறிவு இயக்கம் பெரியவர்களுக்கு மலையாளம் கற்பிக்க ‘சங்காதி’ என்ற திட்டத்தை நடத்தியது. புதிதாக வந்தோர் உள்ளூர் மொழியைக் கற்பதற்கு இவை வழிவகுத்தன.

கோடை மொழி முகாம் இதன் மறுபாதியை நிறைவேற்ற முடியும். உள்ளூர்க் குழந்தைகள், வந்தோரின் மொழியைக் கற்கும் வாய்ப்பு அது. பள்ளியில் ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் அமர்ந்து, மலையாளமோ தமிழோ கன்னடமோ சரியாகப் பேச வராதவள் என்று பெயரெடுத்த ஒடியச் சிறுமி, ஒடியா முகாமில் ஆசிரியரின் அருகில் நிற்கிறாள். மற்றவர்கள் தவறாக ஒலிக்கும் சொல்லை அவள் திருத்துகிறாள். அவள் அறிந்த விளையாட்டை அனைவரும் கற்கின்றனர். அந்த ஒரு வாரம் அவள் அப்பள்ளியில் எஞ்சிய ஆண்டுகளைக் கழிக்கும் முறையையே மாற்றக்கூடும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்குப் போதிய வசதி அளிக்க முயல வேண்டும் என்று, 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-அ பிரிவு பணிக்கிறது. ஒரு வார முகாம் அக்கடமைக்கு ஈடாகாது. ஆயினும் அக்குழந்தையின் மொழிக்குப் பள்ளியில் மதிப்பு உண்டு என்பதை ஊரறியச் செய்கிறது.

இதில் மிகுந்த கவனம் தேவை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குழந்தைகளைக் கூட்டமாக அழைத்துச் சென்று வறுமையைக் காட்சிப்பொருளாக்குதல் கூடவே கூடாது. அவர்களை முகாமுக்கு விருந்தினராக அழைப்பதே முறை. தாலாட்டுப் பாடவோ, கதை சொல்லவோ, உணவு செய்து காட்டவோ வரும் பெற்றோருக்கு அன்றைய கூலி இழப்பை ஈடுசெய்யும் மதிப்பூதியம் வழங்கப்பட வேண்டும். அல்லது நிகழ்ச்சி அவர்களின் ஓய்வு நாளில் அமைய வேண்டும். விருப்பமில்லாத குழந்தையை முன்னிறுத்தலாகாது. பிற பயிற்சியாளர்களுக்கு அளிக்கும் அதே மரியாதையுடன் அவர்களின் பெயரும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும்.

நேரம், செலவு, பாதுகாப்பு

கோடை என்ற சொல் நாடெங்கும் ஒரே பருவத்தைக் குறிப்பதில்லை. வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் அனல்காற்று வீசும். அசாமில் கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூலையில் மழையுடன் வருகிறது. ஆகவே, நாடு முழுவதற்கும் ஒரே நேர அட்டவணை பொருந்தாது. வெப்பம் மிகுந்த பகுதிகளில் காலை 7 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குள் திரும்புதல் நலம். குடிநீர், தொப்பி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முதலுதவிப் பெட்டி ஆகியவை இன்றிப் புறப்படலாகாது. பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், குழந்தைகளின் பெயர்ப்பட்டியல், ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கை சரிபார்த்தல், பெண் ஆசிரியர் உடனிருத்தல், நடக்க இயலாத குழந்தைக்கு ஏற்ற வழி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சிற்றுலா தொலைதூரப் பயணமாக இருக்க வேண்டியதில்லை. நடந்து செல்லும் தொலைவிலுள்ள அஞ்சலகம், இரயில் நிலையம், வாரச்சந்தை, பால் கூட்டுறவுச் சங்கம், நூலகம் ஆகியவற்றுள் எதுவும் ஒரு மொழிப்பாடமாகும். அரண்மனையைக் காணும் குழந்தை வியந்து நிற்கும். அஞ்சலகத்தில் அது பேசியாக வேண்டும். மொழி முகாமுக்கு இரண்டாவது இடமே பெரும்பாலும் மேலானது. சிற்றுலாவுக்கெனக் குழந்தைகளிடம் தனிக்கட்டணம் வசூலித்தல் தவிர்க்கப்பட வேண்டும்; பணம் செலுத்த இயலாத குழந்தை அன்று முகாமுக்கே வராது.

சிற்றுலாவுக்குப் பின்னுள்ள ஒரு மணி நேரம் பலராலும் வீணாக்கப்படுகிறது. களைத்துத் திரும்பிய குழந்தைகளைக் கட்டுரை எழுதப் பணிக்காமல், வாங்கிய பொருள்களை நடுவில் வைத்து, யார் யாரிடம் என்ன கேட்டனர் என்று பேசச் செய்தலே போதும். எவருக்கு எந்தச் சொல் விளங்கவில்லை என்பதை அப்போது கண்டு, அதையே மறுநாள் வகுப்பின் பாடமாக்கலாம். முதல் நாள் ஆயத்தம், இரண்டாம் நாள் பயணம், மூன்றாம் நாள் பயணத்திலிருந்து எழுந்த பாடம் என்ற வரிசை அமைந்தால், ஏழு நாளில் இரண்டு சிற்றுலாக்களுக்கு இடமுண்டு.

மதிப்பிடுதலும் தொடர்ச்சியும்

முகாம் முடிந்தபின் மேலிடத்துக்கு அனுப்பப்படும் அறிக்கையில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை, நிழற்படங்கள், வழங்கிய சான்றிதழ்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றால் குழந்தைகள் என்ன கற்றனர் என்பது தெரிவதில்லை. எளிய வினாக்கள் மூன்றை அறிக்கையில் சேர்க்கலாம். ஆசிரியர் அல்லாத ஒருவரிடம் அம்மொழியில் தாமாகப் பேசிய குழந்தைகள் எத்தனை பேர்? விடை விளங்காதபோது மீண்டும் கேட்டவர்கள் எத்தனை பேர்? அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட எத்தனை உள்ளூர் மக்கள் முகாமில் பங்கேற்றனர்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்தால், முகாம் தானாகவே வகுப்பறையை விட்டு வெளியே வரும்.

ஏழு நாளில் ஊன்றிய விதை தொடர்ந்து நீர் பெறாவிடில் வாடிவிடும். நவோதயா பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுள் 30 விழுக்காட்டினர் வேறு மொழி வழங்கும் பகுதியிலுள்ள மற்றொரு நவோதயா பள்ளிக்குச் சென்று ஓராண்டு பயிலும் முறை உள்ளது. எல்லாப் பள்ளிகளுக்கும் இது இயலாது. ஆயினும், முகாமில் கற்ற குழந்தைகள் அம்மொழி வழங்கும் ஊரின் பள்ளி ஒன்றுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதலாம். அதே நகரிலுள்ள அம்மொழிக் குடும்பங்களின் திருநாளில் கலந்துகொள்ளலாம். மாதம் ஒரு முறை அதே சந்தைக்குச் சென்று அதே பூக்காரரிடம் பேசலாம். பூக்காரர் அக்குழந்தையை அடையாளம் கண்டு நலம் விசாரிக்கும் நாளில், அம்மொழி அதற்குப் பாடமாக இருக்கும் நிலை முடிந்துவிடுகிறது.

மதிப்பீட்டுப் பட்டியல் மீண்டும் அலுவலரின் மேசைக்கு வரும். பேருந்து வாடகை அப்போதும் கடைசி வரியாகவே இருக்கும். நிதி போதாதெனின், பேருந்தை நீக்கிவிட்டு நடந்து செல்லும் தொலைவிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கும்படி குறிப்பெழுதி அனுப்பலாம். வெளியே செல்லும் அந்தக் காலைப்பொழுதை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாகாது.